கிரீடமா, மொட்டையா?

உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் வீட்டுக்கு மாலையோடு போய், அவரே கதவைத் திறந்ததும், "நீங்க சாகலையா?" என்று கேட்டு அழுதவன் நான். இதை நானே எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால் அந்த மனிதர் சொல்லிவிடுவார். மாதா கோவில் வாசல் வரைக்கும் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார் என்று கேள்வி.

எங்கள் பக்கத்தில் லாசர் கொரைரா என்ற பெயரில் இரண்டு பேர். ஒருவர் சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சுங்க லாசர். இன்னொருவர் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர், சாக்கடை ஓரத்தில் எது முளைத்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தவர், களை லாசர். ஆனி மாதக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் நான் என் பேப்பர் கடையின் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எதிர் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடியே, "லாசரு போயிட்டாராம்லா அண்ணாச்சி" என்றார். சுங்க லாசருக்கு ஆஸ்துமா. போன வருடமே அவர் வீட்டில் சவப்பெட்டிக்கு மரம் பார்த்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. களை லாசரோ முந்தின சாயங்காலம் என் கடை வாசலில் நின்று கோலி சோடா குடித்தவர். ஆகவே இறந்தவர் சுங்க லாசர்தான் என்று தீர்மானித்தேன். தீர்மானித்தேன் என்பதுகூடப் பொய். அவராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மாலை வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் சுங்க லாசர், பாதி முகத்தில் சவர நுரையோடு. என்னையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இல்ல அண்ணாச்சி" என்றார், ஏதோ தவறு தன் மேல்தான் என்பதுபோல. "களை லாசரு. விடியக்காலம் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாராம். அம்புட்டுத்தான்." அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். என் கையிலிருந்த மாலையை அவர்தான் வாங்கிக்கொண்டார். நுரையைத் துடைத்துவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க என்னோடு நடந்து வந்து, அந்த மாலையைத் தன் பெயர்க்காரரின் காலடியில் வைத்தார்.

களை லாசர் இருந்திருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பார். "ரெண்டு மனுசனப் பிரிச்சுப் பாக்கத் தெரியல, நீரு எங்க ரெண்டு பூவப் பிரிக்கப் போறீரு" என்று கேட்டிருப்பார். அவர் பெயரைச் சுமந்த வேதாகமத்து லாசர் நாலாம் நாள் எழுந்து வந்தாராம். நான் திருநீறு பூசுகிறவன். என்றாலும் நாலாம் நாள் கடை வாசலைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவரை அறிந்த நீங்கள் அவரைப் பேராசிரியர் என்று அறிந்திருப்பீர்கள், அல்லது பரீட்சையில் பெயிலாக்கியவர் என்று. எனக்கு அவர் வாடிக்கையாளர். செடியை அமுக்கிக் காயவைக்கப் பழைய பேப்பர் வேண்டும் என்று வந்தார். நான் எழுதும் உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்று உண்டு. அதில் விற்காத பிரதிகளெல்லாம் என் கடைக்கே திரும்பி வந்து மூலையில் கிடக்கும். அதில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போனவர், அடுத்த வாரம் மறுபடி வந்து, "இதே பேப்பர்தான் வேணும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இங்கிலீஷ் பேப்பர் வழுவழுன்னு இருக்கு, செடி கறுத்துப் போகுது. உம்ம பத்திரிகைத் தாள் சொரசொரன்னு இருக்கு. ஈரத்த நல்லா உறிஞ்சுது. அதுலயும் உம்ம பக்கம் இருக்கே, நாலாம் பக்கம், அதுல வச்சா பூவு நெறம் மாறுறதே இல்ல."

என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் இதுவே சிறந்தது. என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "எதுக்காவது ஆகுதே" என்றாள்.

பிறகு அவர் பேப்பர் இல்லாமலும் வர ஆரம்பித்தார். ஒருநாள் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் பூவை எடுத்து என் தராசுத் தட்டில் வைத்தார். எங்கள் ஊரில் மஞ்சள் கரிசாலை என்று காமாலைக்கு அரைத்துக் கொடுப்பார்களே, அது. "இது என்ன?" என்றார். பூ என்றேன். "பூ இல்ல. ஊரு. உத்துப் பாரும். நடுவுல பொடிப்பொடியா நிக்குதுல்லா, ஒவ்வொண்ணும் ஒரு முழுப் பூ. சுத்தி இதழ்னு நெனக்கிறீரே, அதுல ஒவ்வொண்ணும் ஒரு பூ. அத்தன பேரும் கூடி நின்னு ஒத்தப் பூ மாதிரி நடிக்காங்க. ஓரத்துல நிக்கிறவன் பெரிய சட்டையப் போட்டுக்கிட்டுக் கொடி பிடிக்கான்." என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீரு ஓரத்து ஆளு அண்ணாச்சி" என்றார்.

அடுத்த முறை இரண்டு பூ கொண்டுவந்தார். இரண்டும் மஞ்சள், இரண்டும் ஒரே அளவு. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவருக்கு அது என் கடையையும் பக்கத்து நகைக்கடையையும் ஒன்று என்பதுபோல. ஒன்று ஆத்தூர்ப் பக்கம் வயல் வரப்பில் படர்வது. இலை ஒடுக்கம், காம்பு இல்லையென்றே சொல்லலாம்; நீண்ட தண்டின் நுனியில் தனியாக ஒரு பூ. மற்றது கடற்கரை வேலிகளில் ஏறித் தொற்றுவது. இலை அகலம், ஓரத்தில் ரம்பப் பல், நல்ல காம்பு; பூக்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும். ஆனால் இலையை நம்பாதே என்பார். இலை தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி வேஷம் மாற்றும். பூவையும் நம்பாதே. "காயப் பாரும். காய் பொய் சொல்லாது." வரப்புச் செடியின் காய்க்குத் தலையில் சின்னஞ்சிறு கிண்ணம்போல ஒரு கிரீடம் இருக்கும். கடற்கரைச் செடியின் காய் மொட்டை. லென்ஸ் வைத்தால்தான் தெரியும். அன்றிலிருந்து நாங்கள் சந்திக்கும்போது வணக்கத்துக்குப் பதில், "கிரீடமா, மொட்டையா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். எனக்கு முன்னந்தலையில் முடி உதிர்ந்துகொண்டிருந்த காலம் அது. கேள்வியில் கொஞ்சம் குத்தலும் இருந்தது.

இதுவரை சிரிப்பாக எழுதிவிட்டேன். இனி அப்படி வராது.

தருவைகுளம் போகிற வழியில் கடலை ஒட்டி ஒரு மணல்மேடு இருந்தது. அதன் மேல் மூன்றாவதாக ஒரு மஞ்சள் பூ. இலைக்குக் காம்பு உண்டு, கடற்கரைச் செடிபோல. பூ தனித்தனி, வரப்புச் செடிபோல. இலை மட்டும் இரண்டுக்கும் இல்லாத தடிமன். கிள்ளினால் பருப்புக்கீரைபோலச் சொத்தென்று ஒடியும். இது தனி இனம் என்று களை லாசர் நம்பினார். உலகத்தில் வேறெங்கும் அவர் பார்த்ததில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. காய்ந்த செடியை என் நாலாம் பக்கத்தில் மடித்து, கோயம்புத்தூரில் செடிகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர்களிடம் கொண்டுபோனார். அவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: முற்றிய காய் எங்கே? கிரீடமா, மொட்டையா, மூன்றாவதாக ஏதாவதா? அது தெரியாமல் தனிப் பெயர் கிடையாது.

காய் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. அந்தச் செடி ஐப்பசி மழை விழுந்ததும் பூக்கும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். தருவைகுளத்தில் எல்லாரும் தங்கள் மரித்தவர்களுக்குப் பூ வைக்கும் நாள். மேடு முழுக்க மஞ்சளாகக் கிடக்கும்போது யார் பட்டணத்துக்கு வந்து பூ வாங்குவார்கள்? வருடா வருடம் ஒரு பூ மிச்சமில்லாமல் பறித்துவிடுவார்கள். தண்டு மணலில் வேர்விட்டுப் படர்ந்து செடி பிழைத்துக்கொள்ளும். காய் மட்டும் யாரும் கண்டதில்லை.

இதற்குள் மேட்டை ஓர் உப்பளத்து முதலாளி வாங்கிவிட்டார். அடுத்த கோடைக்குள் சமப்படுத்திப் பாத்தி கட்டப்போவதாகச் சொன்னார். களை லாசர் அவரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். முதலாளி கெட்டவர் அல்ல. மோர் கொடுத்தார். "வேலி போடச் சொல்லுதீக. போடுதேன் சார். ஆனா நாளைக்கு எம் பங்காளி வந்து எதுக்குவே நெலத்த விட்டீருன்னு கேட்டா, இன்னது இருக்குன்னு ஒரு பேரு சொல்லணும்லா? பேரில்லாத செடிக்கு எப்பிடி வேலி போட?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. பெயர் வேண்டும், பெயருக்குக் காய் வேண்டும், காய்க்கு அந்த ஒரு நவம்பர் மட்டும் யாரும் பூப் பறிக்காமல் இருக்க வேண்டும்.

பட்டணத்துச் சந்தையில் செவ்வந்தியைக் கூடை கூடையாக எடுத்து பஸ் கூரையில் ஏற்றினோம். "இதுவும் அதே குடும்பந்தான் அண்ணாச்சி. சொந்தக்காரன வச்சே சொந்தக்காரனக் காப்பாத்துதோம்" என்றார். நான் பார்த்து அவர் கடைசியாக உற்சாகமாக இருந்தது அந்த பஸ்ஸில்தான். மேட்டடியில் நின்று, பூப் பறிக்க வந்த பெண்களிடம் விஷயத்தைச் சொன்னார். அவர்களுக்குப் பாதி புரிந்தது. "எங்க அப்பச்சி கல்லறைக்குப் பூ வைக்காம உம்ம செடிக்கு வெத வைக்கவா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். சிரித்தார்கள். ஆனால் செவ்வந்தி பெரிய பூ, நல்ல வாசனை. வாங்கிக்கொண்டார்கள். மேடு மஞ்சள் மாறாமல் அப்படியே நின்றது. நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அப்போதுதான் செலின் வந்தாள். அந்த ஆடியில் கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. உடம்பு கிடைக்காமல் வெறும் மணலைக் குவித்துச் சிலுவை நட்டிருந்தார்கள். அவள் செவ்வந்தியை வாங்கவில்லை.

"ஐப்பசி மழ விழுந்ததும் தொழிலுக்குப் போயிட்டு வாரப்ப இந்த மேட்டப் பாத்துத்தான் சார் கர பிடிப்பாரு. மஞ்சளாத் தெரிஞ்சா ஊரு வந்துட்டுன்னு அர்த்தம். சந்தப் பூவ வச்சா யாரு வச்சான்னே அவருக்குத் தெரியாது."

களை லாசர் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறி, தன் கையாலேயே பறித்து அவள் மடியில் போட்டார். அவர் சரியாகத்தான் செய்தார் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் இறங்கி வருவதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது: "அவளுக்கு மட்டுந்தானா? எங்க ஆளு என்ன கொறச்சலாச் செத்தாரு?"

சற்று நேரத்தில் மேடு பச்சையாகிவிட்டது. கோபத்தில் பறிக்கவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டே பறித்தார்கள். கல்லறைகளில் செவ்வந்தியையும் வைத்தார்கள், அதையும் வைத்தார்கள். அந்த வருடம் கல்லறை அத்தனை அழகாக இருந்ததாம். அடுத்த வருடமும் சார் வருவாரா என்று கேட்டார்களாம். அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "காய்க்கிறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் செத்தவங்களுக்குக் குடுத்துட்டோம்" என்றார். பிறகு விரலால் மணலைத் தோண்டி, வேர்விட்ட தண்டு சிலவற்றை ஈரக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

அந்த மாசியிலேயே மேடு போய்விட்டது. பஸ்ஸில் போனால் இன்று அங்கே வெள்ளையாகப் பளபளப்பது தெரியும். ஊருக்கெல்லாம் சோற்றுக்குப் போடுகிற உப்புத்தான். நானும் போட்டுத்தான் தின்கிறேன்.

மிஞ்சியது அவர் வீட்டு முற்றத்தில் அவர் அந்தத் தண்டுகளை நட்டு வைத்திருந்த தொட்டிகள் மட்டும். இனி அவற்றில்தான் பூக்க வேண்டும், காய்க்க வேண்டும். சித்திரையில் பரீட்சைத் தாள் திருத்த மதுரைக்குப் போனபோது அவற்றை மனைவி பிலோமினா அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் செடிகள் தளதளவென்று இருந்தன. ஆனால் இலை மெலிந்திருந்தது. காம்பைக் காணவில்லை. "நல்ல தண்ணி ஊத்துனேன்லா, அதான்" என்றார் அக்கா. களை லாசரின் முகம் அன்றைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடைக்கு வந்து, "பூக்கட்டும், காய் வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

மார்கழி முடிவில் காய் முற்றியது. லென்ஸைக் கையில் பிடித்தபடியே தெருவில் நடந்து வந்தார். "கிரீடம் அண்ணாச்சி" என்றார். கிரீடம் என்றால் ஜெயித்துவிட்டார் என்று நினைத்து, நான் எழுந்து நின்று கை கொடுத்தேன். என் கையை அவர் விடவே இல்லை.

"ஆத்தூரு வரப்புல கெடக்குற அதே கழுததான். இலையும் அது, காயும் அது. உப்புக்காத்து அடிச்சா தடிச்சு நிக்குது, நல்ல தண்ணி ஊத்துனா மெலிஞ்சு போகுது. ஒரு செடி ரெண்டு வேசம் போட்டதுக்கு நான் ஊரக் கூட்டியிருக்கேன். செத்தவங்க பூவுக்குக் குறுக்க நின்னுருக்கேன்."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என் சமாதானங்கள் நாலாம் பக்கத்துக்கே போதாதவை. அவர் நேரே உப்பளத்து முதலாளியிடம் போய், "நீங்க செஞ்சது தப்பில்ல, எனக்குத்தான் பிரிச்சுப் பாக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு வந்தார். முதலாளி மறுபடியும் மோர் கொடுத்தாராம். வாழ்நாளில் பாதியை மூன்றாவது பூ ஒன்று உண்டு என்று நம்பிக் கழித்த மனிதர், அது இல்லை என்று சொல்ல யாரும் கேட்காமலே வெயிலில் நடந்து போயிருக்கிறார். எனக்கு அந்த நடையை நினைத்தால்தான் தாங்கவில்லை.

அதன் பிறகு அவர் பேப்பர் வாங்கவில்லை. கடைக்கு வருவார், சோடா குடிப்பார், போவார். கல்லூரியில் பாடம் ஒழுங்காக நடத்தினாராம். புத்தகத்தில் இருந்ததை மட்டும். கடைசிச் சாயங்காலம், அவரைக் கொஞ்சம் கிளறிவிடலாம் என்று, என் கடைப் படியிடுக்கில் முளைத்திருந்த ஒன்றைக் காட்டி, "இது என்ன சார்?" என்றேன். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு அவர் மண்டியிட்டிருப்பார். குனியக்கூட இல்லை. "செடி" என்றார். கோலி உருளச் சோடாவைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது என்ன என்று இந்த மாதிரிக் கட்டுரைகளில் கடைசியில் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். காயைப் பார் என்ற பேச்சு இருக்கிறது. ஓரத்து ஆள் என்ற பட்டம் இருக்கிறது. பிலோமினா அக்காவிடம் கேட்டு வாங்கி வந்த ஒரு தொட்டி, என் கடையில் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய நம்பிக்கையை உடைத்த செடி அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் தவறைத் தானே கண்டுபிடித்து ஒப்புக்கொண்ட ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளலாம் என்று வாங்கி வந்தேன்.

தொட்டியைக் கொடுக்கும்போது அக்கா கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றார்கள். பிறகு சொன்னார்கள். எழுதச் சொன்னதும் அவர்கள்தான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தார்களாம், செடிக்கெல்லாம் பாவம் கிடையாது என்று அனுப்பிவிட்டாராம்.

"அவுக மதுரைக்குப் போன வாரமே அந்தச் செடியெல்லாம் அழுகிப் போச்சு அண்ணாச்சி. நம்ம ஊருல குடிக்கவே கெடைக்காத நல்ல தண்ணியாச்சேன்னு பாசமா ரெண்டு வேளையும் ஊத்திட்டேன். வந்து பாத்தா தாங்க மாட்டாகளேன்னு, ஆத்தூருல எந் தங்கச்சி வீட்டு வரப்புல மஞ்சப் பூவா இருந்தத வேரோட புடுங்கிட்டு வந்து நட்டு வச்சேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது."

தினமும் இதற்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். வரப்புச் செடி அல்லவா, நன்றாகவே வளர்கிறது.